பாட்டியின் சேலை என்ன நிறம்?

உங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதா? நெற்றிப் பொட்டைக் கவனியுங்கள். செக்கச் சிவந்த குங்குமம் அதில் கறுப்பாக விழுந்திருக்கலாம்! ஏன்?

அக்காலத் தகடுகளில் பூசிய வெள்ளி உப்பு நீல ஒளியையே நன்கு உணரும். 1873-இல் ஜெர்மானியரான வோகல், சாயம் சேர்த்துப் பச்சையையும் உணரச் செய்தார். சிவப்பு மட்டும் அத்தகடுகளில் பதியாது. (அதனால்தான் அவற்றைச் சிவப்பு விளக்கொளியில் கழுவ முடிந்தது.) ஆகவே சிவப்புச் சேலை கறுப்பாகிவிடும், வெளிர்நீலமோ ஏறக்குறைய வெள்ளையாகிவிடும்.

இன்று கணிப்பொறி நொடியில் நிறமூட்டுகிறது. அது ஊகமே. கறுப்பாகத் தெரிவது அரக்கா, கரும்பச்சையா என்பதைப் படம் சொல்லாது. அசலைத் தொடாமல் நகலில் நிறம் தீட்டுங்கள். அதற்குமுன், அந்தச் சேலையைக் கண்ணால் பார்த்தவர் வீட்டில் இருந்தால் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.