பேரரசு பிளந்தது, மொழி நிலைத்தது

மாசிடோனிய மன்னர் அலெக்சாந்தர் கி.மு. 323இல் பாபிலோனில் மறைந்தார். அவர் நிறுவிய பேரரசைப் படைத்தலைவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். ஆயினும், அப்பேரரசோடு பரவிய கிரேக்க மொழி ஆயிரம் ஆண்டுகள் வரை கிழக்கு நாடுகளில் செல்வாக்குடன் விளங்கிற்று. அதற்குரிய காரணங்களை இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

பொதுவழக்கின் தோற்றம்

ஏதென்சு நகர வழக்கை அடிப்படையாகக் கொண்டு, பிற வட்டார வழக்குகளும் கலந்து உருவானதே 'கொய்னே' என்னும் கிரேக்கம். இச்சொல்லுக்குப் 'பொது' என்பது பொருள். எகிப்தைத் தாலமி மரபினரும், சிரியா முதலிய நாடுகளைச் செலூக்கிய மரபினரும் ஆண்டனர். ஒருவரோடொருவர் ஓயாது போரிட்ட இவ்விரு மரபினரும் தம் அரசாணைகளைக் கிரேக்கத்திலேயே எழுதினர்.

பிறரும் ஏற்ற மொழி

கிரேக்கர் அல்லாதாரும் இம்மொழியைத் தமதாக்கிக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதர்களின் தவ்ராத் வேதம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பெற்றது. அதே நூற்றாண்டில் அசோகர் தம் அறநெறியைக் காந்தகாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறித்தார். 1958இல் கண்டறியப்பட்ட அக்கல்வெட்டில் 'தம்மம்' என்பதற்கு நிகராக, இறைப்பற்றைக் குறிக்கும் 'யூசேபியா' என்னும் கிரேக்கச் சொல் ஆளப்பட்டுள்ளது. பின்னர்க் கிழக்கு நாடுகளை வென்ற உரோமரும் அங்கே கிரேக்கத்தை அகற்றினாரல்லர்.

இணைப்பின் எல்லை

எனினும், இவ்வொருமைக்கு ஓர் எல்லை உண்டு. கி.மு. 196ஆம் ஆண்டின் ரொசெட்டாக் கல்லில் ஒரே ஆணை கிரேக்கத்திலும், இருவகை எழுத்துகளில் எகிப்திய மொழியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கிரேக்கம் கற்றோர்க்கு அரசுப் பதவிகள் கிட்டின. சிற்றூர் உழவரோ தம் தாய்மொழியிலேயே பேசி வாழ்ந்தனர். அலுவலகத்தையும் அங்காடியையும் கல்விக்கூடத்தையும் இணைத்த மொழி, எல்லா இல்லங்களிலும் நுழைந்துவிடவில்லை.

அரபுலகில் கிரேக்கம்

உமையாக்கள் ஆட்சியின் தொடக்கத்திலும் சிரியாவின் வரிக்கணக்குகள் கிரேக்கத்திலேயே எழுதப்பட்டன. கலீஃபா அப்துல் மலிக், கி.பி. 700ஆம் ஆண்டளவில் அவற்றை அரபு மொழிக்கு மாற்றினார். ஆட்சிப் பீடத்தை இழந்த பின்னரும் கிரேக்கத்தின் அறிவுச் செல்வம் மதிப்பிழக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ மருத்துவர், காலனின் மருத்துவ நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார். அப்பாசிய ஆட்சியாளரும் செல்வரும் இத்தகைய பணிகளைப் போற்றிப் புரந்தனர்.

நிறைவாக

அரசாணை ஒரு மொழியை நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாம். அந்த அரசு வீழ்ந்த பின்னரும் பிறர் அம்மொழியைத் தேடி வருவது, அதில் எழுதப்பட்ட அறிவை நாடியே ஆகும். மொழி பயிலும் மாணவர் நெஞ்சில் இருத்த வேண்டிய உண்மை இது. நம் மொழியின் பழம்பெருமையைப் பேசுவதோடு அமையாது, நம் காலத்து அறிவை அதில் எழுதிச் சேர்ப்பதும் நம் கடமையாகும்.