சங்கிலி வாளை இயக்குதலும் அதன் கோளாறுகளைக் களைதலும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்களில் மரமில்லாத வீட்டுமனையைக் காண்பது அரிது. தென்னையும் பலாவும் மாவும் அயினியும் வீட்டைச் சூழ்ந்து நிற்க, மேட்டுப்பாங்கான விளைகளில் ரப்பர் வரிசை வரிசையாக நிற்கும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைதான் பிரிந்ததேயன்றி, மரங்களும் மரத் தொழிலும் இரு புறத்திலும் ஒன்றாகவே உள்ளன. முன்னர் இருவர் எதிரெதிரே நின்று இழுத்த ஈர்வாளின் இடத்தை இன்று பெட்ரோலால் ஓடும் சங்கிலி வாள் பெற்றுள்ளது.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்தபோது இப்பகுதியில் மரங்கள் பெருமளவில் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்களும் விழுந்தன. இத்தகைய நாட்களில் பழகிய கைகள் போதாமையால், வாளை ஒருமுறையும் இயக்கியறியாதோரும் அதனை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வேலையில் இறங்குவர். நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்க, இயந்திரமோ கிளம்ப மறுக்கும். விபத்துக்கு வழிவகுப்பது பெரும்பாலும் அந்தப் பொறுமையிழந்த அரை மணி நேரமே. ஆகவே இயக்கும் முறையையும் கோளாறு காணும் முறையையும் தனித்தனிப் பாடமாகக் கருதாது ஒன்றாகவே கற்பித்தல் நலம்.

இந்த வாளின் எஞ்சின் இருவீச்சு வகையைச் சார்ந்தது. மோட்டார்க் காரில் உள்ளதுபோல் உயவெண்ணெய்க்குத் தனித் தேக்கம் இதில் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனையும் தாங்கிகளையும் வழவழப்பாக்குகிறது. ஆதலின் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிப் போகும். கலவை விகிதம் இயந்திரத்திற்கு இயந்திரம் மாறும். 50-க்கு 1 எனில் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெயும், 25-க்கு 1 எனில் 40 மில்லிலிட்டரும் சேர்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள அளவே பின்பற்றத்தக்கது. கலவையை வேறொரு கலத்தில் சேர்த்து நன்கு குலுக்கிய பின்னரே தொட்டியில் ஊற்றுதல் முறை. சூடான இயந்திரத்தில் ஊற்றலாகாது. ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டரேனும் தள்ளிச் சென்றே கிளப்ப வேண்டும். பீடி பற்ற வைப்போர் அருகிலிருந்தால் அவர்களையே முதலில் அகற்றுவது நன்று.

சங்கிலிக்கு உரிய எண்ணெய் வேறு தொட்டியில் உள்ளது. பெட்ரோல் தீர்ந்த பின்னும் இவ்வெண்ணெயில் சிறிது எஞ்சுமாறு தொட்டிகளின் அளவு அமைக்கப்பட்டிருக்கும். ஒரு தொட்டிப் பெட்ரோல் தீர்ந்தும் சங்கிலி எண்ணெய் சற்றும் குறையவில்லையெனின் எண்ணெய் வழி அடைபட்டது என்பது பொருள். ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் கலந்துள்ள உலோகத் துகள்கள் எண்ணெய்ப் பம்பைக் கெடுக்கும். சங்கிலியிலிருந்து சிதறும் அவ்வெண்ணெய் விளையின் மண்ணிலும் கிணற்றோரத்திலும் படியும். இது சிக்கனமன்று.

இயக்குமுன் உடையைக் கவனித்தல் வேண்டும். மடித்துக் கட்டிய சாரமும் தோளில் தொங்கும் துவர்த்தும் இவ்வூர்களின் வேலையுடை. வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்றவை. ஆயினும் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் விரைவில் ஓடும் சங்கிலி, தொங்கும் துணியைப் பற்றினால் அதனைக் கையால் விடுவிக்க நேரமிராது. இதற்கென்று செய்யப்பட்ட காற்சட்டையில் நீண்ட இழைகள் அடுக்கப்பட்டுள்ளன. சங்கிலி பட்டவுடன் அவ்விழைகள் பிரிந்து பற்சக்கரத்தில் சுற்றி அதனை நிறுத்திவிடும். தலைக்கவசம், கண்ணுக்குக் காப்பு, காதுறை, கெட்டியான காலணி ஆகியவையும் வேண்டும். ஓசை 100 டெசிபலைத் தாண்டுவதால் காதுறையை ஆடம்பரம் எனக் கருதுதல் தவறு.

வாளைச் சமதரையில் வைத்து, தகட்டின் உறையை நீக்கி, சங்கிலி மண்ணையோ கல்லையோ தொடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முன்கைப்பிடிக்கு எதிரேயுள்ள காப்பை முன்னோக்கித் தள்ளினால் பிரேக் விழும். பிரேக் விழாமல் கயிற்றைத் தொடலாகாது. குளிர்ந்த எஞ்சினாயின் சோக்கை மூடிவிட்டு, இடக்கையால் முன்கைப்பிடியை இறுகப் பற்றி, வலக்காலின் முனையைப் பின்கைப்பிடிக்குள் ஊன்றி, வலக்கையால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். முதலில் மெல்ல இழுத்து, தடை உணரப்பட்டதும் விரைந்து இழுத்தல் முறை. கயிற்றை அதன் கடைசி வரை இழுப்பதும், கைவிட்டுச் சுருளச் செய்வதும் கயிற்றை அறுக்கும். ஓரிரு இழுப்பில் 'டப்' என்று ஓர் ஓசை எழுந்து அடங்கும். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். அவ்வோசை கேட்டதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். திறவாமல் மேலும் மேலும் இழுப்பதால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்து போகும். மெக்கானிக்குகள் ஓவர்ஃப்ளோ என்று கூறுவது இதனையே. சோக்கைத் திறந்து இழுத்து எஞ்சின் கிளம்பியதும் ஆக்சிலேட்டர் விசையை ஒருமுறை அழுத்தி விட்டால் அது மெதுவோட்டத்திற்கு வரும். அதன் பின்னரே பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

ஒரு கையில் வாளைத் தொங்கவிட்டு மறுகையால் கயிற்றைச் சுண்டிக் கிளப்பும் வழக்கம் வேடிக்கை பார்ப்போருக்குத் திறமையாகத் தோன்றும். கிளம்பிய கணத்தில் வாள் எப்பக்கம் திரும்பும் என்பதைச் சுண்டியவரே அறியார். அவர் தொடையோ மிக அருகில் உள்ளது.

மெதுவோட்டத்தில் சங்கிலி சுழலலாகாது. சுழன்றால் ஓட்ட வேகத் திருகு மிகுதியாகத் திருகப்பட்டிருக்கும், அல்லது கிளட்சின் சுருள்வில் ஒடிந்திருக்கும். அது சீராகும் வரை அறுக்கப் புகலாகாது. பின்னர்த் தகட்டின் முனையை வெளிறிய ஒரு மரத்துண்டின்மேல் தொடாமல் நீட்டி வேகம் கொடுத்தால், எண்ணெய்ப் புள்ளிகள் ஒரு கோடாகப் படிய வேண்டும்.

இனி, கிளம்பாத வாளைப் பற்றிப் பார்ப்போம். எஞ்சினுக்கு எரிபொருள், காற்று, தீப்பொறி, அமுக்கம் ஆகிய நான்குமே தேவை. இவற்றில் எது குறைந்தது என்பதைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே பெரும்பாலும் அறியலாம். நிறுத்தும் விசை நிறுத்திய நிலையில் உள்ளதா என்பதை முதலில் காண்க. நகைப்புக்குரியதாகத் தோன்றினும் பல இழுப்புகள் இதனாலேயே வீணாகின்றன. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை எனத் தெரியும். அப்போது பிளக்கைத் துடைத்து உலர்த்தி, நிறுத்தும் விசையை நிறுத்திய நிலையில் வைத்து, சோக்கைத் திறந்து, பிளக் துவாரம் எவர் முகத்தையும் நோக்காதவாறு சாய்த்துக் கயிற்றைச் சிலமுறை இழுத்தால் மிகுந்த பெட்ரோல் வெளியேறும். பிளக்கின் இடைவெளி பெரும்பாலான வாள்களில் 0.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கரி படிந்திருந்தால் புதியது மாற்றுவதே மேல். பெட்ரோல் சிந்திய இடத்தில் பொறி பார்க்கும் சோதனையைச் செய்யலாகாது.

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டரை அடையவில்லை. தொட்டியினுள் குழாய் முனையிலுள்ள வடிகட்டி, வெடிப்புற்ற குழாய், தொட்டி மூடியின் காற்றுவழி ஆகியவற்றை இம்முறையே நோக்குக. காற்றுவழி அடைபட்டால் சற்று நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடும். இவ்வடையாளம் வேறெதிலும் இவ்வளவு தெளிவாக அமையாது.

மோட்டார்சைக்கிளின் மிதவைக் கார்புரேட்டர் சாய்ந்தால் வழியும். வாள் எவ்வாறு சாய்ந்தாலும் ஓட வேண்டியிருப்பதால் இதன் கார்புரேட்டரில் மிதவைக்குப் பதிலாக மென்சவ்வு ஒன்று உள்ளது. இன்று இந்தியாவில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். இடவப்பாதி, துலாப்பத்து ஆகிய இரு மழைகளும் பெறும் இப்பிரதேசத்தில் மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த கலவை கெட்டு, சவ்வையும் விறைக்கச் செய்யும். போன ஆண்டுக் கலவையை வைத்துக்கொண்டு கார்புரேட்டர்த் திருகுகளைத் திருகிப் பயனில்லை. அன்றியும், பெட்ரோல் குறைந்து காற்று மிகுமாறு திருகினால் வாள் சீறி ஓடுவதுபோல் தோன்றிச் சிலிண்டரைச் சுட்டுவிடும்.

மெதுவாக ஓடுகிறது, மரத்தில் வைத்தால் திணறுகிறது என்றால் காற்று வடிகட்டியில் மரத்தூளும் சைலன்சரில் கரியும் அடைந்துள்ளனவா என்று காண்க. பல வேளைகளில் குறை எஞ்சினில் இல்லை. சங்கிலி மழுங்கியதே காரணம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-இல் ஒரு மரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கூர்ந்து நோக்கினார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துச் சென்றன. இன்றைய சங்கிலியில் பற்கள் இடம் வலமாக மாறி நிற்பது அப்புழுவைப் பார்த்து அமைந்ததே. கூரிய பல் மரத்தைச் சீவல் சீவலாகச் செதுக்கும். சீவல் நின்று மாவு போன்ற தூள் வரத் தொடங்கினால் அரம் போடும் நேரம் வந்துவிட்டது. அப்போதும் அழுத்தி அறுப்பவர் சோர்வையும் அபாயத்தையும் ஒருசேரத் தேடிக்கொள்கிறார்.

தகட்டு முனையின் மேற்பாதி மரத்தில் இடித்தால் வாள் அறுப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். பிரேக் அமைந்தது இதற்காகவே. அது அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று கம்பியால் கட்டி வைப்போர், தம் உயிருக்கு அரணானதையே கட்டி வைக்கின்றனர்.

இவ்வூர் மரங்களுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. பால் எடுத்த ரப்பர் மரத்தில் சிரட்டையைத் தாங்கும் கம்பியும், பட்டையில் அடித்த தகரமும் இருக்கும். பழையவை பட்டைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியா. அவற்றைக் களைந்து, புதைந்தவற்றின் இடம் விலக்கி அறுக்க வேண்டும். பலாவில் பொந்து உண்டா என்பதைக் கோடரியின் பின்புறத்தால் தட்டி ஓசையால் அறிக. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலிலுள்ள அம்மச்சிப் பிலாவின் பொந்தில் மார்த்தாண்ட வர்மர் பகைவருக்கு மறைந்திருந்தார் என்பது மரபு. பலாவின் பொந்து அத்துணைப் பெரிதாக இருத்தல் கூடும். உட்குழிந்த மரம் எண்ணிய திசையில் விழாது. அதனைக் கயிறு கட்டி இறக்கும் பழகிய மரமேறிகளிடமே விடுதல் வேண்டும்.

புயலில் சாய்ந்த மரம் வளைந்த வில்லைப் போன்றது. அமுங்கிய பக்கத்தில் சிறிது அறுத்து, பின்னர் இழுபட்ட பக்கத்தை அறுக்க வேண்டும். மாற்றி அறுத்தால் வாள் சிக்கும், அல்லது கிளை தெறிக்கும். அடிமரத்தை அறுத்ததும் வேர்மண்டு பழைய குழியில் திரும்ப விழலாம். அங்குக் குழந்தைகள் நிற்கலாகாது. மின்கம்பி சிக்கிய மரத்தை, அதற்குரிய மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தியதாக உறுதி கூறும் வரை எவரும் தொடலாகாது. எல்லைக் கிராமங்களில் கம்பி எந்த மாநிலத்து வாரியத்தினுடையது என்பதை முதலில் தெரிந்துகொண்டு தகவல் தருதல் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பள்ளி ஆசிரியர்கள் வாளை ஓட்டிக் காட்ட வேண்டுவதில்லை. கழற்றிய பிளக்குகளில் நனைந்தது ஒன்றும், உலர்ந்தது ஒன்றும், கரி படிந்தது ஒன்றும், சீவலும் தூளும் ஒவ்வொரு பிடியும் மேசைமேல் வைத்துக் காரணம் கேட்டாலே ஒரு பாடவேளை நிறையும். மழைக்காலத்திற்கு வாளை ஒதுக்கும்போது தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு, சங்கிலியைத் தளர்த்தி எண்ணெய் தடவி, உறையிட்டு, அடுப்புப் புகை படாத உலர்ந்த இடத்தில் வைத்தல் முறை.