பள்ளி இசை நாடகமும் மாணவரின் ஆளுமை வளர்ச்சியும்

கல்விக்கெனச் செலவிடப்படும் தொகை மனித வளத்தில் இடப்படும் முதலீடு என்பது பொருளியலார் யாவரும் ஏற்கும் உண்மை. ஆனால், அம்முதலீட்டின் பயனை அளக்க முற்படும்போது பள்ளிகளின் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றோடு நம் கணக்கு நின்றுவிடுகிறது. பலர் முன்னிலையில் நின்று தெளிவாகப் பேசும் துணிவு, பிறருடன் இசைந்து உழைக்கும் பழக்கம், மற்றவர் துன்பத்தை உணரும் உள்ளம் ஆகியவை எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் இடம் பெறுவதில்லை. ஆயினும், பண்ணையிலும் தொழிற்கூடத்திலும் ஊராட்சி மன்றத்திலும் நாட்டின் முன்னேற்றம் இப்பண்புகளையே பெரிதும் சார்ந்துள்ளது. இவற்றை வளர்க்கும் வழிகளுள் பள்ளி மாணவர்கள் கூடி நடத்தும் இசை நாடகம் தனிச் சிறப்புடையது. தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

சாந்திநிகேதனத்தின் முன்னோடி முயற்சி

நம் நாட்டில் இசை நாடகத்தைக் கல்வியின் ஓர் அங்கமாகவே கருதிச் செயற்பட்ட பள்ளிகளுள் முதன்மையானது, இரவீந்திரநாத தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளியாகும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1881-இல், ‘வால்மீகி பிரதிபா’ என்னும் இசை நாடகத்தைத் தம் இல்லத்தில் அரங்கேற்றி, அதில் வால்மீகியாகத் தாமே நடித்தவர் அவர். பாட்டும் நடிப்பும் ஒருவரது உள்ளத்தை எவ்வாறு விரிவடையச் செய்யும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்திருந்தமையால், பள்ளியில் நாடகத்தை விழாக்கால அலங்காரமாக மட்டும் அவர் கருதவில்லை.

1908-இல் அவர் எழுதிய ‘சாரதோற்சவம்’ பள்ளிச் சிறுவர்கள் நடிப்பதற்கு ஏற்றவாறு அமைந்தது. அதில் பெண் பாத்திரமே இல்லை; பாடல்கள் நிறைந்துள்ளன. இலையுதிர் கால விடுமுறையில் சிறுவர்கள் மகிழ்ந்து திரிகின்றனர். உபநந்தன் என்னும் சிறுவன் மட்டும் விளையாட வருவதில்லை. இறந்துபோன தன் ஆசானின் கடனை அடைப்பதற்காக ஓலைச் சுவடிகளைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறான். கடன் கொடுத்த வணிகரோ பணத்தின்மீது மட்டுமே கண்ணாக இருப்பவர். துறவி வேடத்தில் வரும் மன்னர், அச்சிறுவனின் உழைப்பில் உள்ள இன்பத்தைக் கண்டு, தாமும் அவ்வேலையில் பங்கு கொள்கிறார். கடமையை மனமுவந்து நிறைவேற்றுவதே உண்மையான விடுமுறை மகிழ்ச்சி என்னும் கருத்து இக்கதையில் ஊடாடுகிறது. இதனை நீதிபோதனை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் மாணவர் மனத்தில் பதிவது அரிது. உபநந்தனாக நடிக்கும் சிறுவனோ, பல வாரங்கள் அக்கடனைத் தன் தோளில் சுமக்கிறான். வணிகராக நடிக்கும் சிறுவன், பேராசை ஒரு மனிதனை எவ்வளவு தனிமைப்படுத்துகிறது என்பதைத் தன் குரலிலேயே கேட்கிறான்.

கலை சமுதாயத்திற்குக் கடமைப்பட்டது என்பதையும் அப்பள்ளி நடைமுறையில் காட்டியது. பாங்குரா மாவட்டத்தில் பஞ்சம் நிலவியபோது, அம்மக்களின் துயர் துடைக்க நிதி திரட்டும் பொருட்டு, ‘பால்குனி’ நாடகம் 1916-ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தாவில் நடத்தப்பட்டது. தாங்கள் பாடும் பாட்டு எங்கோ ஒரு குடும்பத்தின் பசியைத் தணிக்கும் என்று அறிந்து மேடையேறும் இளைஞர்களுக்கு, அதைவிடச் சிறந்த குடிமைப் பயிற்சி வேறொன்று இருக்க இயலாது.

மேடையேறிய பெண்கள்

நற்குடும்பத்துப் பெண்கள் பொது மேடையில் தோன்றுவது இழிவு என்று கருதப்பட்ட காலத்தில், 1926-இல் ‘நடீர் பூஜா’ சாந்திநிகேதனத்து மாணவியரால் நடிக்கப்பெற்றது. மறு ஆண்டு கல்கத்தாவில் அது நடந்தபோது, கண்டனம் எழாதவாறு, உபாலி என்னும் பிக்குவின் பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்துத் தாகூரே அவ்வேடத்தை ஏற்றார். மூத்தவர் ஒருவர் உடன் நின்றதனால் மாணவியர்க்கு வழி திறந்தது. ஒரு மாணவரின் வளர்ச்சி அவரது திறமையை மட்டும் சார்ந்ததன்று. துணை நிற்கும் ஆசிரியரையும் சார்ந்தது என்பதற்கு இது தக்க சான்று.

1938-இல் நாட்டிய நாடக வடிவம் பெற்ற ‘சண்டாளிகா’வும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தாழ்ந்த குலத்தவள் என்று ஒதுக்கப்பட்ட பிரகிருதி என்னும் பெண்ணிடம், ஆனந்தர் என்னும் புத்த பிக்கு தண்ணீர் கேட்கிறார். அந்த ஒரு சொல்லால் தானும் மனிதப் பிறவியே என்பதை அவள் உணர்கிறாள். தீண்டாமை அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவினால் ஒழிக்கப்பட்டது என்று பாடநூலில் படித்து எழுதும் மாணவி மதிப்பெண் பெறுவாள். பிரகிருதியாக நடிக்கும் மாணவியோ, கிணற்றடியில் விலக்கி நிறுத்தப்படுவதன் வேதனையை அறிகிறாள். சட்டம் சமுதாயத்தின் வழக்கமாக மாறுவதற்கு இவ்வுணர்வே அடிப்படை.

ஒத்திகை என்னும் வகுப்பு

அரங்கேறும் மாலையைவிட ஒத்திகை நாட்களே மாணவரின் வளர்ச்சிக்குக் களமாகும். கூச்ச இயல்புடைய ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் அவர் கூட்டுப் பாடலில் கடைசி வரிசையில் நின்று, உதட்டை மட்டும் அசைப்பார். பிறர் குரல்களின் நடுவே தம் குரலும் தனித்துத் தெரியாமல் கலந்துவிடுகிறது என்று அறிந்ததும் அச்சம் சற்றே நீங்குகிறது. மூச்சைத் தேக்கிவைத்து நீண்ட அடியைப் பாடக் கற்கும்போது, பேசும்போதும் சொற்கள் சிதறாமல் வருகின்றன. அடுத்த வாரங்களில் ஓரிரு வசனங்கள் அவருக்குத் தரப்படுகின்றன. தம் முறை வரும்வரை காத்திருக்கவும், எதிரில் நிற்பவர் கூறுவதைக் கூர்ந்து கேட்கவும் அவர் கற்கிறார். உடன் நடிப்பவர் ஓர் அடியை மறந்துவிட்டால் அதனைக் குத்திக்காட்டாமல், தம் வசனத்தால் ஈடுசெய்து ஆட்டத்தைக் காப்பாற்றுகிறார். தவறு நேர்வது இயல்பு, தவறுக்குப் பின்னும் தொடர்வதே திறமை என்னும் பாடம் அவருக்கு இங்குதான் கிட்டுகிறது. தேர்வுத் தாளில் இதற்கு இடமில்லை.

இசை நாடகத்தின் மற்றொரு சிறப்பு, அதில் பலவகைத் திறன்களுக்கும் வேலை உண்டு என்பது. பாடுவோர், நடிப்போர், தாளம் கொட்டுவோர், திரை இழுப்போர், ஆடை தைப்போர், வரவு செலவு எழுதுவோர் ஆகிய அனைவரும் தேவைப்படுகின்றனர். கணக்கில் பின்தங்கிய மாணவர் மேடை அமைப்பில் முந்தி நிற்கலாம். வகுப்பறையின் தரவரிசை மேடைக்குப் பின்னே செல்லுபடியாவதில்லை.

ஆய்வு கூறுவது

இக்கருத்துகளுக்கு ஆய்வின் துணையும் ஓரளவு உண்டு. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் கிளென் ஷெல்லன்பெர்க் என்னும் உளவியலறிஞர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2004-இல் வெளியாயின. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு விசைப்பலகை இசையும், மற்றொரு பிரிவினர்க்கு வாய்ப்பாட்டும், மூன்றாம் பிரிவினர்க்கு நாடகமும் ஓராண்டு கற்பிக்கப்பட்டன. நான்காம் பிரிவினர்க்கு அவ்வாண்டு எப்பயிற்சியும் இல்லை. இசை பயின்றோரின் நுண்ணறிவு ஈவு, மற்றவர்களைவிடச் சிறிதளவு கூடுதலாக உயர்ந்தது. நாடகம் பயின்றோரிடத்திலோ பிறருடன் இணங்கிப் பழகும் பண்பு வளர்ந்திருந்தது. இசை பயின்றோரிடத்தில் அவ்வளர்ச்சி காணப்படவில்லை. ஒரே ஆய்வைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவு செய்துவிடலாகாது. எனினும், இசையும் நாடகமும் வெவ்வேறு வகையில் பயன் தரக்கூடும் என்பதும், இரண்டும் கூடிய கலைவடிவம் கருதத்தக்கது என்பதும் இதனால் புலனாகின்றன.

போட்டியின் நிறையும் குறையும்

கலைக்குப் பெரிய அளவில் மேடை அமைத்துத் தந்த மாநிலம் கேரளம். அங்கு 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கப்பெற்ற மாநிலப் பள்ளிக் கலைவிழா, பல தலைமுறை மாணவர்களை ஊக்குவித்துள்ளது. ஆயினும், போட்டி முற்றியபோது சில தீமைகளும் உடன் வந்தன. விலையுயர்ந்த ஆடைகளும் தனிப் பயிற்சியாளரும் இன்றி வெல்ல இயலாது என்னும் குறைகூறல் எழுந்தது. தீர்ப்புகளை எதிர்த்து மேல்முறையீடுகள் பெருகின. 1986-இல் ஏற்படுத்தப்பட்ட கலாதிலகம், கலாபிரதிபா என்னும் தனிநபர் பட்டங்கள் பின்னர்க் கைவிடப்பட்டன. கலையின் நோக்கம் பரிசு என்றாகிவிட்டால், ஏழை மாணவர் பார்வையாளராகவே இருந்துவிட நேரும் என்பது இதிலிருந்து பெறத்தக்க படிப்பினை.

காலமும் செலவும்

பாடம் முடிக்கவே நேரமில்லை என்பது பள்ளிகள் வழக்கமாகக் கூறும் தடை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களையும் 1,000 கற்பித்தல் மணி நேரத்தையும் வகுத்துள்ளது. ஆறு வாரங்கள், வாரத்திற்கு ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒத்திகை நடத்தினால் மொத்தம் 30 மணி நேரமே ஆகும். இது ஆண்டு முழுமைக்கும் உரிய நேரத்தில் மூன்று விழுக்காடு. அந்நேரத்திலும் மொழி, வரலாறு, இசை, தையல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன என்பதால், இழப்பு மிகச் சிறிதே. செலவைப் பொறுத்தவரை, வீட்டிலுள்ள துணிகளும் தாளில் செய்த அணிகளும் போதுமானவை.

செய்யத்தக்கவை

கொள்கை அளவில் குறையொன்றுமில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியை வற்புறுத்தியது. 2015 முதல் ‘கலா உத்சவ்’ நடத்தப்பட்டு வருகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடப்புறச் செயல் என்றும் கடுமையாகப் பிரித்தலாகாது என்கிறது. 1979-இல் நிறுவப்பட்ட பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. இவற்றின் பயன் சிற்றூர்ப் பள்ளியைச் சென்றடைய வேண்டுமாயின், சில நடைமுறைகள் தேவை. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஓர் இசை நாடகமாவது நடத்துதல் வேண்டும். நன்கு பாடும் சிலரை மட்டும் தேர்ந்தெடுக்காமல், வகுப்பு முழுவதற்கும் அதில் பங்கு தருதல் வேண்டும். ஒத்திகை நேரம் கால அட்டவணையிலேயே இடம் பெறுதல் வேண்டும். இல்லையேல், பள்ளி முடிந்ததும் ஆடு மேய்க்கவும் தண்ணீர் சுமக்கவும் செல்லும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், விடுபட்டுப் போவர். உள்ளூரில் வழங்கும் பாட்டும் கூத்தும் நாடகத்திற்கு மூலப்பொருளாகட்டும். அவற்றை அறிந்த ஊர்ப் பெரியவர்கள் ஆசிரியர்க்குத் துணையாகட்டும்.

கடைசி வரிசையில் உதட்டை மட்டும் அசைத்த பிள்ளை, ஒருநாள் கிராம சபையில் எழுந்து குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேள்வி கேட்குமாயின், பள்ளி செலவிட்ட அந்த முப்பது மணி நேரம் நாட்டிற்கு ஈட்டித் தந்த ஊதியம் சிறிதன்று.