தொண்டர் வானொலி அஞ்சல் நிலையம்: நடத்தும் முறையும் விரிவாக்கும் முறையும்

காவிரியில் வெள்ளம் பெருகும் காலத்தில் கரையோரக் கிராமங்களுக்கு முதலில் வேண்டுவது செய்தியாகும். மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் பெருமளவில் திறக்கப்பட்ட 2018-ஆம் ஆண்டிலும், 2022-ஆம் ஆண்டிலும் குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் கரையோர வீடுகளுள் நீர் புகுந்ததை நாம் அறிவோம். எந்தத் தெருவில் நீர் ஏறுகிறது, எந்த முகாமுக்கு எவ்வளவு அரிசியும் பாலும் வேண்டும், எந்தப் பாதையில் வண்டி செல்லாது என்னும் விவரங்கள் தடையின்றி வந்து சேர்ந்தால்தான் உதவியை உரிய இடத்திற்கு அனுப்ப முடியும். இன்று இச்செய்திகளைக் கைப்பேசி சுமக்கிறது. ஆயின் கைப்பேசிக் கோபுரம் மின்சாரத்தையும் கம்பிவடத்தையும் நம்பி நிற்பது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் சூழ்ந்தபோது நகரின் பல பகுதிகளில் கைப்பேசிகள் பயனற்றுப் போயின. மாநகருக்கே அந்நிலை நேருமாயின், ஆற்றங்கரைச் சிற்றூருக்கும் மலையடிவாரக் குக்கிராமத்திற்கும் அது நேராது என்று எவரும் உறுதி கூற இயலாது.

அத்தகைய நாளில் கைகொடுக்கவல்லது அமெச்சூர் வானொலி. அதனைத் தொண்டர்கள் எங்ஙனம் நடத்துவது, எங்ஙனம் விரிவாக்குவது, அதில் பஞ்சாயத்துகளின் பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அமெச்சூர் வானொலி என்பது யாது?

முன்னாளில் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின் முன் ஊரார் கூடி அமர்ந்து செய்தி கேட்டது முதியோருக்கு நினைவிருக்கும். அப்பெட்டி பேசும், நாம் கேட்கலாம், மறுமொழி கூற இயலாது. அமெச்சூர் வானொலியில் கேட்கவும் பேசவும் இயலும். இதனை இயக்க விரும்புவோர் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை சார்பில் நடைபெறும் தேர்வில் தேறி, உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெறவேண்டும். 12 வயது நிறைந்தோர் தேர்வு எழுதலாம். எனவே உயர்நிலைப் பள்ளி மாணவரும் இதில் சேர இயலும். உரிமமின்றி ஒலிபரப்பியை இயக்குவது சட்டப்படி குற்றமாகும்.

இது ஊதியமற்ற தொண்டு. வாணிபத்திற்கு இதில் இடமில்லை. நாமக்கல்லின் முட்டை விலையை அறிவிப்பதற்கோ, லாரிக்குப் பாரம் ஏற்பாடு செய்வதற்கோ, ஆழ்துளைக் கிணற்று வண்டியை அழைப்பதற்கோ இதனைப் பயன்படுத்தலாகாது. பேரிடர் வந்து ஏனைய வழிகள் அடைபடும்போது பிறருக்காகச் செய்தி சுமப்பதே இதன் பொதுப்பயன்.

மலை எதற்கு?

இத்தொண்டர்கள் கையில் வைத்துப் பேசும் கருவிகள் பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்குகின்றன. இவ்வலைகள் ஏறத்தாழப் பார்வை செல்லும் வழியிலேயே செல்லும். மலையும் மேடும் குறுக்கிட்டால் வலுவிழக்கும். நிலத்தின் வளைவும் தூரத்தைக் கட்டுப்படுத்தும்.

தூரத்தை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு. சுற்றுப்புற நிலத்திற்கு மேல் ஏரியல் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்கினால், அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரு நிலையங்களுக்கும் தனித்தனியே கண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். தரையில் நிற்பவரின் கைக்கருவி ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு 5 கிலோமீட்டர் கிடைக்கும். இருவர் பேசினால் கணக்குப்படி 10 கிலோமீட்டர். தென்னந்தோப்பும் கட்டடங்களும் இதனையும் வெகுவாகக் குறைத்துவிடும். 16 மீட்டர் உயரமுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின்மீது ஏரியலை வைத்தால் 16 கிலோமீட்டர் எட்டும். சேர்வராயன் மலைமுடி சேலம் சமவெளிக்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயர்ந்தது. அதன் வர்க்கமூலம் 36. நான்கால் பெருக்க 144 கிலோமீட்டர்! ஏற்காட்டிலிருந்து நேர்க்கோட்டில் மேட்டூர் சுமார் 45 கிலோமீட்டரிலும், நாமக்கல் சுமார் 60 கிலோமீட்டரிலும், குமாரபாளையம் சுமார் 65 கிலோமீட்டரிலும் உள்ளன. இயற்கை நமக்குச் செலவின்றி எழுப்பித் தந்த கோபுரங்களே சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் என்பது இதனால் விளங்கும்.

அஞ்சல் நிலையம் இயங்கும் விதம்

மலைமீது அமைக்கும் கருவிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். நாம் அதனை அஞ்சல் நிலையம் எனலாம். சமவெளியிலிருந்து வரும் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் வலுவாகத் திருப்பிச் சொல்லுவது இதன் தொழில். இரண்டிற்கும் இடையே பொதுவாக 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவர்.

கேட்பதும் பேசுவதும் ஒரே இடத்தில் நிகழ்வதால் ஒரு சங்கடம் உண்டு. விசைத்தறிக் கூடத்தின் நடுவே நிற்பவர் காதில் வாசலில் நின்று மெல்லப் பேசுவோரின் சொல் விழாது. அதுபோலத் தன் பேரொலியே தன் செவியை அடைத்துவிடாமல் காப்பதற்காக, டூப்ளெக்சர் எனப்படும் வடிகட்டிக் குழல்களை இடையில் பொருத்துகின்றனர். இக்குழல்களைச் சரிவரத் திருத்தி அமைக்காவிடில், நிலையம் உரக்கப் பேசும். ஆனால் தொலைவிலுள்ள எவரையும் கேளாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. அஞ்சல் நிலையத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். வாய்க்கால் மடையில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதுபோல முறை வைத்தே பேசவேண்டும். முறை தவறினால் எவர் வயலுக்கும் நீரில்லை.

முன்னோர் அனுபவம் கற்பிப்பது

தமிழ்நாட்டில் தொண்டர் வானொலியின் வரலாறு 100 ஆண்டுகளைக் கடந்தது. 1924 மே மாதத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வம் மிகுந்திருந்தும், பணமுடையால் 1927 அக்டோபரில் கழகம் தன் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. நிலையான வருவாயுடைய அந்த உள்ளாட்சி மன்றம் 1930 ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கிய ஒலிபரப்பு, 1938-இல் அகில இந்திய வானொலி பொறுப்பேற்கும் வரை தொடர்ந்தது. தொண்டரின் ஆர்வம் பணியைத் தொடங்கி வைக்கும்; ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் ஏற்பாடே அதனை நிலைக்கச் செய்யும் என்பது இதனால் பெறப்படும் முதற் பாடம்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தலைமையில் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று அந்தமானில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து உலக நாடுகளுடன் பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீவுகளைத் தாக்கின. வழக்கமான தொடர்புகள் அறுந்த நிலையில் அக்குழுவினர் செய்திகளைத் தாய்நாட்டுக்குக் கொண்டு சேர்த்தனர். அவர்களால் அது இயன்றதற்குக் காரணம், ஏரியலும் கருவியும் இயக்குவோரும் பேரிடருக்கு முன்னரே பணியில் இருந்தமையாகும். வெள்ளம் வந்தபின் பெட்டியைப் பிரிப்பது பயன் தராது என்பது இரண்டாம் பாடம்.

2005 மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட் என்னும் சிறு செயற்கைக்கோள், வானில் சுற்றும் அஞ்சல் நிலையமாகவே விளங்கியது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின், 2014 ஜூலையில் அதன் பணி முடிவுற்றதற்குக் காரணம் மின்கலம் பழுதுற்றதே. விண்ணிலாயினும் மலையிலாயினும் அஞ்சல் நிலையத்தின் உயிர் அதன் மின்கலத்தில் உள்ளது என்பது மூன்றாம் பாடம்.

மின்கலக் கணக்கு

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு நிலையம் பேசும்போது 6 ஆம்பியரும், சும்மா இருக்கும்போது அரை ஆம்பியரும் இழுப்பதாகக் கொள்வோம். சாதாரண நாளில் 2 மணி நேரப் பேச்சுக்கு 12, எஞ்சிய 22 மணிக்கு 11, ஆக 23 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியை மட்டுமே செலவழிப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. அந்த 50-ஐக் கொண்டு இரண்டு நாள் ஓட்டலாம். ஆனால் வெள்ள நாளில் பேச்சு 10 மணி நேரத்திற்கு நீளும். அப்போது செலவு 67 ஆம்பியர்-மணி. இரண்டு நாள் தாங்கிய அதே மின்கலம் 18 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மலையில் மேகம் கவிந்திருக்கும் அந்நாட்களில் சூரியத் தகடும் முழுப்பயன் தராது.

ஆகவே மின்கலத்தைச் சாதாரண நாளுக்கன்றி, வெயிலும் மின்சாரமும் அற்ற மூன்று நாள் பேரிடருக்கே கணக்கிட்டு வாங்கவேண்டும். ஒலிபரப்பின் வாட் அளவைக் குறைத்தாலும் ஓரளவு மிச்சமாகும். வாட்டைப் பாதியாக்கினால் தூரம் பாதியாகிவிடாது. உயரத்தை மலை தந்திருக்கிறது.

அன்றாடப் பணிகள்

நிலையத்தை நடத்துவோர் தவறாது செய்யவேண்டியவை சில. வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த மணியில், கட்டுப்பாட்டு நிலையத்தினர் ஊர்வாரியாக ஆஜர் எடுக்கவேண்டும். இரு வாரம் பதிலளிக்காத ஊருக்கு ஒருவர் நேரில் சென்று காரணம் அறியவேண்டும். செய்தி அனுப்புவதில் எண், நேரம், இடம், அனுப்புவோர், பெறுவோர், செய்தி என்னும் ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும். பெற்றவர் அதனைத் திருப்பிப் படித்துக் காட்டிய பின்னரே அது சேர்ந்ததாகக் கொள்ளலாம்.

கோடை இடிமழைக்கு முன்னரும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரும் மலைக்குச் சென்று தரையிணைப்பு, ஏரியல் கம்பி, மின்கல முனைகள் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். கம்பி இணைப்பினுள் மழைநீர் கசிவதே பெரும்பாலான பழுதுகளுக்குத் தொடக்கம். மலை நிலையம் முற்றிலும் நின்றுபோனால் ஊருக்கு ஊர் நேராகப் பேசுவதற்குரிய அலைவரிசை எதுவென்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விரிவாக்கும் முறை

விரிவாக்கம் என்றதும் இரண்டாவது மலையில் இரண்டாவது பெட்டி என்றே பலர் எண்ணுவர். அது கடைசிப் படியாகும்.

முதற்படி, கேளாத ஊர் எதுவெனக் கண்டறிதல். ஒருவர் இரு சக்கர வண்டியில் கைக்கருவியுடன் ஒவ்வொரு குக்கிராமமாகச் சென்று பேசிப் பார்த்து, ஒன்றிய வரைபடத்தில் தெளிவு, விட்டுவிட்டு, இல்லை என மூன்று குறிகளால் பதிவு செய்யவேண்டும். கொல்லிமலையின் மடிப்புகளிலும் போதமலையின் மறைவிலும் நிழல் விழும் இடங்கள் அப்போது வெளிப்படும்.

இரண்டாம் படி, அந்த ஊரிலேயே ஏரியலை உயர்த்துதல். இவ்வலைவரிசைக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள கால் அலை ஏரியல் போதும். அதனைப் பள்ளிக் கூரையிலோ நீர்த்தொட்டியிலோ குழாயில் நிறுத்தினால், பல ஊர்களின் குறை தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி, ஆட்களைப் பெருக்குதல். ஓர் ஊரில் ஒருவரே உரிமம் பெற்றிருந்தால், அவர் வெளியூர் சென்ற நாளில் அவ்வூர் ஊமையாகும். ஊருக்கு இருவரேனும் வேண்டும்.

இம்மூன்றும் நிறைவேறிய பின்னும் நிழல் எஞ்சுமாயின் இரண்டாவது நிலையத்தைப் பற்றி எண்ணலாம். இரண்டையும் இணைத்தால் ஒருவர் பேச்சு இரு நிலையங்களையும் நிரப்பிவிடும் என்பதால், தேவையான வேளையில் மட்டும் இணைப்பைத் திறந்து மூடும் வசதி இருத்தல் அவசியம். இரண்டாம் நிலையத்திற்கும் மின்கலம், மலைப்பயணம், பொறுப்பாளர் என்னும் மூன்று செலவும் இரட்டிக்கும். முதல் நிலையத்தை மூன்று பருவமழை பழுதின்றி நடத்தாதவர் இரண்டாவதைத் தொடங்குவது, இருக்கும் கிணற்றைத் தூர் வாராமல் புதுக் கிணறு வெட்டுவதை ஒக்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆராய வேண்டிய கேள்விகள்

நிலையத்தின் உரிமமும் இயக்கமும் தேர்வு பெற்ற தொண்டர்களிடமே இருக்கும். இடம், மின் இணைப்பு, ஏரியலுக்கு உயரம், மாணவருக்கு ஊக்கம் ஆகியவற்றில் பஞ்சாயத்து துணை நிற்கலாம். பருவமழைக்கு முன்னதாக அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில் கீழ்க்கண்டவற்றை ஆராய்வது பொருத்தமாகும்.

1. கைப்பேசி நின்றுபோனால் நமது ஊரிலிருந்து முதற் செய்தி எவ்வழியே செல்லும்?
2. தேர்வு எழுத விருப்பமுள்ள மாணவர், ஆசிரியர், விவசாயி நம்மூரில் எவர்?
3. ஏரியல் நிறுத்துவதற்கு ஊரில் மிக உயர்ந்த பாதுகாப்பான இடம் எது?
4. மின்கலம் மாற்றவேண்டிய ஆண்டு வரும்போது அதற்கான பணம் எங்கிருந்து வரும்?

நான்காவது கேள்விக்கு விடை கண்டபின் எந்த ஊரும் இப்பணியைத் துணிந்து தொடங்கலாம். விடை காணாமல் தொடங்கினால், நல்ல நாளில் பேசி வெள்ள நாளில் ஊமையாகும் பெட்டி ஒன்றே மிஞ்சும்.