சமையல் மேடையில் மரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் காயலுமாக நீர் சூழ்ந்த வைப்பின் தீவில், புது வீடு கட்டுகிறவர் சமையல் மேடைக்கு மரப்பலகை போட விரும்பினாரானால், இந்த ஈரத்தில் கிரானைட்டைத் தவிர வேறெதுவும் நில்லாதென்று உற்றாரும் அண்டை அயலாரும் ஒரே குரலில் தடுப்பார்கள். இதே கரைகளில் ஆஞ்சிலி மரத்தால் கட்டிய வள்ளங்கள் தலைமுறை தலைமுறையாக உப்புநீரில் மிதந்து வந்திருப்பதை எண்ணிப் பார்த்தால், நீர் பட்ட மாத்திரத்தில் மரம் நாசமாகும் என்பது பிழையென்று விளங்கும். உலர வழியின்றித் தேங்கும் ஈரமே மரத்தை அழுகச் செய்வது. ஆதலால் பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டிய வெட்டுவாயும், கண்ணுக்குப் படாத அடிப்புறமும்தான் முதற்கவனத்திற்கு உரியவை.

தேக்கென்றால் கறையான் அண்டாது என்பது இன்னொரு நம்பிக்கை. 1840களிலேயே நிலம்பூரில் தேக்குத் தோட்டம் எழுந்த தேசத்தில் அந்த மரத்தின் மீது பக்தி இருப்பது இயல்பே. ஆனால் அந்தப் பெருமை மரத்தின் உட்பகுதியான வைரத்திற்கு மட்டுமே உரியது. வெளிப்பகுதியான வெளிறு கலந்த தேக்கைக் காட்டிலும் வைரமேறிய ஆஞ்சிலியோ பலாவோ மேலானது என்பது என் துணிபு.

எல்லாவற்றினும் மிகுந்த நஷ்டத்தை விளைவிப்பது, பழைய மரம் இனி அசையாது என்ற எண்ணம். அழிமுகத்திற்கு அக்கரையில், மட்டாஞ்சேரிக் கடைகளில், பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த உத்தரங்களையும் கதவுகளையும் வாங்குவோர், பல்லாண்டு காய்ந்த மரமென்ற தைரியத்தில் அதைச் சுவரோடு நெருக்கி, திருகாணியால் இறுக்கி, பசையும் இட்டு ஒட்டிவிடுகிறார்கள். மரமோ எத்தனை வயதானாலும் காற்றிலுள்ள ஈரத்தை உண்பதும் உமிழ்வதுமாகவே இருக்கும்: காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில், மரத்தில் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் நீர் இருக்கும், ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கி அப்படியே நீடித்தால் அது 20 சதவீதத்தை ஒட்டி வரும். நீளவாட்டில் மாற்றம் அற்பமே. அகலவாட்டிலோ, இரண்டடிப் பலகை கோடைக்கும் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கும் இடையே சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதற்கு இடமில்லையெனில் பலகை வெடிக்கும், அல்லது வளையும். சுவரோரம் சிறு இடைவெளியும், திருகாணிக்கு நீள்வட்டத் துளையும், மேற்புறத்திற்குக் கொடுத்த அதே பூச்சு அடிப்புறத்திற்கும் வேண்டுமென்று ஆசாரியிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

மரம் கிருமிகளின் உறைவிடம் என்ற அச்சத்தை, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர் நடத்திய பரிசோதனைகள் பெரிதும் தணித்தன. மரப்பலகையில் இட்ட கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டுப் பெருகாமல் மடிந்தன. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையையோ கையால் தேய்த்துச் சுத்தம் செய்வது கடினமாயிற்று. ஆயினும் மீனை மேடையின் மேலேயே அரிய வேண்டாம். அதற்குத் தனிப்பலகை இருக்கட்டும்.

இனி எண்ணெய். கையருகே இருக்கும் தேங்காயெண்ணெயைத் தேய்த்தால் பளபளப்பு வரும். ஆனால் அது ஒருபோதும் உலர்ந்து படலமாகாது, பிசுபிசுத்துத் தூசியையே சேர்க்கும். ஆளிவிதை எண்ணெயே காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகிப் படலமாகும். உலோக உப்புகள் கலந்து விற்பதை விடுத்து, கலப்பற்றதாகப் பார்த்து வாங்கி, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஒவ்வொன்றும் உலரப் பல நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். அவ்வாறு இறுகும்போது உஷ்ணமும் பிறப்பதால், பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே தீப்பற்றக்கூடும். அதை வெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.