புகையும் தொண்டைப் புற்றும்

வாய், தொண்டை, குரல்வளை முதலியவற்றில் தோன்றும் புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் ஒரு பெருங்காரணம் என்பதை யாவரும் அறிவர். நோய் கண்டபின் அப்பழக்கத்தை விடுதலாற் பயனுண்டோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

கனடா தேசத்து வைத்தியர் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதற்கு விடை பகர்கின்றது. கதிர்ச்சிகிச்சை நடக்கும்பொழுதும் புகைபிடித்தவருள் இரண்டாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 39 பேரே. சிகிச்சைக்கு முன் விட்டொழித்தோரும் புகையாதோருமாகியவருள் 66 பேர். நோய் அறியப்படுமுன் 12 வாரத்திற்குள் விட்டோர்க்கும் மரண அபாயம் நூற்றில் 40 பங்கும், ஓராண்டிற்கு முன்னரே விட்டோர்க்கு 70 பங்கும் குறைந்து காணப்பட்டது.

கதிர்கள் கட்டியை அழித்தற்குப் பிராணவாயுவின் துணை வேண்டும். புகையிலுள்ள நச்சுவாயுவோ இரத்தம் அதனைச் சுமக்குந் திறனைக் குறைக்கின்றது. ஆதலின், "இனி விட்டென்ன?" என்று சோர்தல் தகாது, விடுதலும் சிகிச்சையின் ஒரு கூறே என நாம் உணர்வோமாக.