பிஜ்னோரில் மோதிய மூவர்

அன்புள்ள கயல்விழிக்கு,

தலித் தலைவர்களான மாயாவதியும் சந்திரசேகர் ஆசாத்தும் ஏன் ஒன்றாக நிற்கக் கூடாது, நம்மவர்கள் எப்போதுமே இப்படித்தானா என்று போனில் கேட்டாய். கல்லூரியில் யாரோ ஏளனமாகச் சொன்னது உன்னைச் சுட்டிருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

இந்தப் போட்டி பழையது. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் தொகுதியில் 1985 டிசம்பரில் இடைத்தேர்தல் நடந்தது. காங்கிரசுக்காக மீரா குமார் நின்றார். பாபு ஜெகஜீவன் ராமின் மகள். வெளியுறவுப் பணியை விட்டுவிட்டு அப்போதுதான் அரசியலுக்கு வந்திருந்தார். எதிரே பீகாரிலிருந்து வந்த ராம்விலாஸ் பாஸ்வான். மூன்றாவதாக, டெல்லியில் பள்ளி ஆசிரியையாக இருந்த 29 வயது மாயாவதி. மீரா குமார் சுமார் ஐயாயிரம் வாக்கில் வென்றார், பாஸ்வான் இரண்டாமிடம், மாயாவதி மூன்றாமிடம். மூவரும் தலித்துகள். பின்னாளில் ஒருவர் மக்களவைத் தலைவர், ஒருவர் பல பிரதமர்களின் அமைச்சரவையில் இருந்தவர், ஒருவர் நான்கு முறை முதலமைச்சர். ஒரே தொகுதியில் இவ்வளவு திறமை மோதியதை வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த மூவரும் மூன்று வெவ்வேறு அரசியலைக் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மீரா குமார் வந்தது ஆளும் கட்சிக்குள்ளிருந்து உரிமை பெறும் வழியில். பாஸ்வானுடையது சோசலிசக் கூட்டணி. மாயாவதியுடையது சொந்தக் கட்சி.

நீ பிறந்த மண்ணிலும் இத்தகைய போட்டி நடந்தது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, டெல்லி மத்திய சட்டசபையில் அமர்ந்த முதல் தலித் உறுப்பினர். அம்பேத்கரைவிட எட்டு வயது மூத்தவர். வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்களோ அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். 1932இல் அவர்கள் தலித்துகள் மட்டும் வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி கேட்க, ராஜா இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து எல்லோரும் வாக்களிக்கும் கூட்டுத்தொகுதி பக்கம் நின்றார். அந்த ஆண்டு செப்டம்பரில், கூட்டுத்தொகுதியை ஏற்ற பூனா ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்டார்கள். பிறகு சென்னையில் காங்கிரஸ் ஆட்சி வந்தது. 1938இல் ராஜா கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவுக்கு அந்த ஆட்சி துணை நிற்கவில்லை. நம்பியவர்கள் கைவிட்ட வலி அவருக்கு இருந்தது. 1942இல் பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் டெல்லிக்கு வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போய் அவரைச் சந்தித்தார்கள். பத்தாண்டு எதிரெதிராக நின்றவர்கள் அவர்கள். இந்தச் சந்திப்பைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆகவே போட்டி புதிதும் இல்லை, அவமானமும் இல்லை. நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக: இளையவர் மூத்தவரை எதிர்க்க எங்கே இடம் இருக்கிறது?

அமெரிக்காவைப் பார். 2000ஆம் ஆண்டு சிகாகோவில் பாபி ரஷ் என்ற கருப்பின எம்.பி.யை எதிர்த்து பராக் ஒபாமா நின்றார். ரஷ் இளமையில் பிளாக் பேந்தர் இயக்கத்தில் இருந்தவர்; மக்கள் அவரை நன்கு அறிந்திருந்தார்கள். ஒபாமாவைப் படித்த வெளியாள் என்றே பலர் நினைத்தார்கள். ரஷ் பெரிய வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அது கட்சிக்குள் நடந்த தேர்தல். தோற்ற ஒபாமா கட்சியை உடைக்கவும் இல்லை, வெளியேற்றப்படவும் இல்லை. எட்டே ஆண்டில் அதே கட்சியின் வேட்பாளராக அதிபரானார்.

நம் கட்சிகளில் அப்படிப்பட்ட தேர்தல் கிடையாது. வேட்பாளரைத் தலைமைதான் அறிவிக்கும். அதோடு பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தலித்துகளுக்கு ஒதுக்கிய தொகுதியிலும் எல்லாச் சாதியினரும் வாக்களிக்கிறார்கள். தலித்துகள் பெரும்பாலும் அங்கேயும் சிறுபான்மைதான். பெரிய கட்சிகள் தங்களுக்கு அடங்கியவரைத் தேர்ந்தெடுக்க இது வசதி. மாயாவதியை உருவாக்கிய கான்ஷிராம் 1982இல், அந்த ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில் வெளியிட்ட 'சம்ச்சா யுகம்' (அடிவருடிகளின் காலம்) புத்தகத்தின் வாதமே இதுதான்.

கான்ஷிராம் நம் கரோல் பாக்கின் ரேகர்புராவில் அலுவலகம் வைத்து வேலை செய்தவர். 1978இல் அரசு ஊழியர்களைத் திரட்டி பாம்செஃப், 1981இல் டிஎஸ்4 என்ற போராட்ட அமைப்பு, 1984 ஏப்ரல் 14இல் பகுஜன் சமாஜ் கட்சி என்று படிப்படியாகக் கட்டினார். 1977இல் டெல்லி கான்ஸ்டிடியூஷன் கிளப்பில் ஒரு மத்திய அமைச்சரை மேடையிலேயே கண்டித்த இளம்பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, இந்தர்புரியில் அவர் வீடு தேடிப் போனார். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் மாயாவதி. சொந்தக் குடும்பத்தை விட்டு வந்த ஒருவர், உறவே இல்லாத ஒரு பெண்ணைத் தேடிப்போய் வளர்த்தார். 2001இல் அவரையே வாரிசாக அறிவித்தார். 2007இல் கட்சி 403இல் 206 இடம் பிடித்துத் தனித்து ஆட்சி அமைத்தது. தலைமுறை மாற்றம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அடுத்த படி அப்படி நடக்கவில்லை. 2023 டிசம்பரில் மாயாவதி தன் தம்பி மகன் ஆகாஷ் ஆனந்தை வாரிசு என்றார். 2024 மே மாதம் நீக்கினார், ஜூனில் திரும்பச் சேர்த்தார், 2025 மார்ச்சில் வெளியேற்றினார், ஏப்ரலில் மறுபடி சேர்த்துக்கொண்டார். இவ்வளவும் ஒருவரின் முடிவு. மாவட்டங்களில் முப்பது வருடம் கொடி பிடித்த தொண்டருக்கு இதில் சொல்ல ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. மாயாவதியின் சாதனையை மதிப்பவன் என்பதால்தான் இது எனக்கு வலிக்கிறது. பாஸ்வானின் கட்சியும் அப்படித்தான். அவர் மறைந்த மறு ஆண்டே மகனும் தம்பியும் பிரிந்தார்கள்.

இடம் இல்லாதபோது இளையவர் வெளியே போய்ப் புதிதாகத் தொடங்குகிறார். சந்திரசேகர் ஆசாத் 2015இல் பீம் ஆர்மியைத் தொடங்கினார். 2017 மே மாதம் ஜந்தர் மந்தரில் பீம் ஆர்மியின் நீலக் கூட்டத்தை நான் பார்த்தேன். பெரும்பாலும் உன் வயதுப் பிள்ளைகள். 2018இல் சிறையிலிருந்து வந்ததும் அவர் மாயாவதியை அத்தை என்றார். அப்படி எந்த உறவும் இல்லை என்று மாயாவதி சொல்லிவிட்டார். 2020இல் கான்ஷிராமின் பிறந்த நாளில் தொடங்கிய தன் கட்சியின் பெயரோடு ஆசாத் கான்ஷிராம் பெயரையே சேர்த்துக்கொண்டார். 2024இல் பிஜ்னோர் மாவட்டத்தின் நகீனாவில் ஒன்றரை லட்சம் வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். பகுஜன் சமாஜ் வேட்பாளர் நான்காமிடம். அந்தத் தேர்தலில் அக்கட்சிக்கு நாடு முழுவதும் ஒரு இடமும் கிடைக்கவில்லை.

ஆசாத்தின் கட்சியிலும் நாளை ஒரு இளைஞன் அவரை எதிர்த்துப் பேச முடியுமா என்று பார். அது இன்னும் தெளிவாகவில்லை. உன்னைக் கேலி செய்தவர்களிடமும் இதையே கேள்: அவர்கள் ஆதரிக்கும் கட்சியில் கிளைச் செயலாளரை யார், எந்தக் கூட்டத்தில் தேர்ந்தெடுத்தார்கள்? நம் தெருவில் கொடிக்கம்பம் நட்டிருக்கும் நம் கட்சிக்காரர்களிடமும் விசாரி. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா
கரோல் பாக், டெல்லி